தாரணி ஷிப்ட்

நொச்சிப்பாளையத்தில் தறிச் சத்தத்தால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை, சத்தம் நின்றால்தான் கெடும். கரண்ட் போய் ஊர்த் தறியெல்லாம் ஒன்றாக அடங்கும் நொடியில் தொட்டில் பிள்ளை வீறிட்டு அழும், வாசலில் சுருண்டு கிடக்கும் நாய் எழுந்து நாலு பக்கமும் பார்க்கும், வயசானவர்கள் நெஞ்சில் கை வைத்து மூச்சு ஓடுகிறதா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், முதலாளியின் விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்தெருவில், அழக்கூடத் தெம்பில்லாத ஒரு பெண் பிள்ளை பிறந்தது. தாரணி என்று பேர் வைத்தார்கள்.

அவளைப் பெற்ற கோகிலவாணிக்கு ஊர் வைத்த பேர் சோம்பேறி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவளுக்கு அசதிதான். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நிலைப்படியில் உட்கார்ந்துவிடுவாள், மாவு ஆட்டினால் பாதியில் படுத்துவிடுவாள், தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதென்றால் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போய்ச் சேருவாள். தறியில் நிற்க உடம்பு இடம் கொடுக்காது என்று புருஷன் மோகனசுந்தரம் தார் சுற்றும் மெஷின் ஒன்றை வீட்டிலேயே போட்டுக் கொடுத்திருந்தான். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை, உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். தின்பதெல்லாம் இவளுக்கு எங்கேதான் போகிறதோ என்று மாமியார் கேட்டுக் கேட்டே செத்துப்போனாள். அது நல்ல கேள்விதான், கேட்ட இடம்தான் தப்பு. அதற்குப் பதில் தெரிந்த ஆள் கோயமுத்தூரில் இருந்தார்.

நடக்க வேண்டிய வயசில் தவழ்ந்து, ஓட வேண்டிய வயசில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காய்ச்சல் அடித்தால் மறுபடி நிற்கவே மறந்துபோகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசியில் அங்கேதான் போனார்கள். கோகிலவாணி, மோகனசுந்தரம், பேச்சுக்குத் துணையாக ஃபிட்டர் அர்த்தநாரி. அர்த்தநாரி தறி கெட்டால் சரிபண்ணுகிறவர், உலகத்தில் எந்த இயந்திரத்தைப் பற்றி யார் பேசினாலும் தனக்குப் புரியும் என்ற நம்பிக்கை உள்ளவர். டாக்டரம்மா தங்கமான மனுஷி. வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்தும் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார்.

நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்கள், ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே செய்துகொள்ள வேண்டும், பக்கத்து வீட்டில் போய் வாங்க முடியாது என்றார். தின்ற சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் வந்து செல்லுக்குள் நுழைந்ததும் வாசலிலேயே அதை இரண்டாக உடைப்பார்கள். அதற்கு மூச்சுக்காற்று வேண்டாம், சுருக்காக முடிந்துவிடும், ஆனால் கிடைக்கிற சக்தி ஒரு கைப்பிடிதான். உடைந்த துண்டுகள் இன்னும் உள்ளே போகும், அங்கே குட்டிக் குட்டி ஆலைகள் இருக்கின்றன, அந்த ஆலைக்குள் ஒரு சக்கரம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, துண்டு அதில் ஏறிச் சுற்றச் சுற்ற அதில் உள்ள கரியெல்லாம் காற்றாகக் கழன்றுபோகும், நாம் வெளியே விடுகிற மூச்சு அதுதான். மிச்சம் நிற்பது ஒரு பொறி. அந்தப் பொறியை ஆலைச் சுவரில் வரிசையாக நிற்கும் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள், கை மாற மாறச் சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டூர் மாதிரி ஒரு தேக்கம் ஏறும், தேங்கினது மதகு வழியாக இறங்கி ஓடும் வேகத்தில்தான் உடம்புக்கான சக்தி மூட்டை மூட்டையாகத் தயாராகிறது. வரிசையின் கடைசியில் நாம் உள்ளே இழுத்த மூச்சு நின்றுகொண்டிருக்கும். வந்த பொறியை அது வாங்கித் தண்ணீராகிவிடும். கடைசியில் நின்று வாங்க ஆள் இல்லாவிட்டால் வரிசை முழுக்க நிறைந்த கையோடு அப்படியே நிற்கும், பின்னால் சக்கரமும் நின்றுவிடும், வாசலில் உடைக்கிற வேலை மட்டும் நடந்து நடந்து உடம்பு புளித்துப்போகும் என்றார் டாக்டரம்மா.

பிள்ளைக்கு எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று அர்த்தநாரி கேட்டார். வரிசையில் நடுவே ஒரு ஆள் இல்லை என்றார் அவர். மாற்று ஆள் போடலாமா என்றதற்கு, அது இன்னும் யாராலும் ஆகாத காரியம் என்றார். அப்படியானால் நன்றாக இருக்கிற நாளில் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, அது சேர்த்து வைக்கிற சரக்கு இல்லை, செய்யச் செய்யச் செலவாகிறது, இந்த நொடிக்கு வேண்டியதை இந்த நொடியில்தான் செய்ய வேண்டும் என்றார். பிறகு டாக்டரம்மா, சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, அந்த ஆலைகள் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டும்தான் வருகின்றன, அப்பாவுடையது ஒன்றுகூட உள்ளே வருவதில்லை, அம்மாவுக்கும் இதே குறை கொஞ்சமாக இருக்கிறது போலிருக்கிறது என்றார்.

"அப்ப நாந்தான் குடுத்ததுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"நீங்க குடுக்கலம்மா. உங்க வழியா வந்துச்சு, அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மோகனசுந்தரம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கோபமெல்லாம் இல்லை. இத்தனை வருஷம் அவளை ஒரு தடவைகூட நம்பவில்லையே என்ற வெட்கம்.

ஊருக்குள் அந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று கேட்கவே வேண்டாம், அர்த்தநாரி கூடப் போயிருந்தாரே. டீக்கடையில் உட்கார்ந்து தன் பாணியில் விளக்கினார்: சர்க்கரையை உடைக்கிறது தார் சுற்றுகிற மாதிரி, சக்கரம் பாவு நூல் ஓட்டுகிற டிரம் மாதிரி, வரிசை தறி மாதிரி, கடைசியில் வாங்குகிற மூச்சு துணி மடித்து எடுக்கிற ஆள் மாதிரி, துணியை எடுக்காவிட்டால் தறி என்ன ஆகும், அதேதான். நாலே நாளில் ஊர் முழுக்க டாக்டர் ஆகிவிட்டது. பிள்ளைக்கு வாசல் வேலை மட்டும்தான் நடக்கிறதாம் என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள், கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தால் சக்கரம் சுற்றும் என்று ஒருத்தி சொன்னாள், சக்கரத்தில் கோளாறில்லை வரிசையில்தான் என்று இன்னொருத்தி அவளை அடக்கினாள். கோகிலவாணியைச் சோம்பேறி என்று சொன்ன வாய்கள் அவள் எதிரே வரும்போது இருமின.

இப்படி இருக்கையில்தான் அது நடந்தது. ஒரு மத்தியானம் கோகிலவாணி பிள்ளையைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் அப்பன் கண்ணில் படும்படி துணிச் சிப்பத்தின் மேல் கிடத்தியிருந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளை, கண் பாதி மூடியே கிடந்தது. பக்கத்துத் தறி ருக்குமணி, ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தும், மனசு கேட்காமல் தன் தறியை நிறுத்திவிட்டு வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன தங்கம் என்று சும்மா கேட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்தது. எழுந்து உட்கார்ந்தது. சிப்பத்திலிருந்து குதித்து இறங்கித் தறிகளுக்கு நடுவே உள்ள சந்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடியது, ருக்குமணி அப்படியே கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, ரெண்டு ஷிப்ட் ஒன்றாகப் பார்த்தவள் மாதிரி தலையைச் சுவரில் சாய்த்தாள். ஒரு தார் ஓடி முடிகிற நேரத்துக்குப் பிள்ளை ஓடியது, அப்புறம் துவண்டது. மோகனசுந்தரம் ஓடிவந்து கையைப் பிடித்தான், மறுபடி ஓடியது, அவன் உட்கார்ந்தான். அர்த்தநாரி வந்தார், பார்த்தார், மாற்று ஆள் போட்டாச்சு என்றார். மற்றவர்கள் அவரவர் தறிக்குத் திரும்பினார்கள், ஏனென்றால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்குச் சாயந்தரம் கோகிலவாணி பிள்ளையின் இரண்டு கையையும் ஆசையாகச் சேர்த்துப் பிடித்தாள். ருக்குமணி கொடுக்கும்போது பெற்றவள் கொடுக்க மாட்டாளா. பிடித்ததும் உடம்பில் ஒரு குளிர்ச்சி ஏறியது, கால் வலி விட்டது, முதுகு நிமிர்ந்தது, பிறந்ததிலிருந்து மூடிக் கிடந்த ஏதோ திறந்துகொண்டதுபோல மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. அடடா, மற்றவர்களெல்லாம் இப்படியா இருக்கிறார்கள், இந்தத் தெம்போடா தினமும் எழுந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அப்புறம்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பூத்துத் தலை ஒரு பக்கம் தொங்கிவிட்டிருந்தது. கையை உதறிவிட்டு அலறினாள், மோகனசுந்தரம் ஓடிவந்து பிடித்தபின்தான் பிள்ளை கண் திறந்தது.

இன்னொரு நாள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தொட்டுப் பார்த்தாள், அப்போதும் பிள்ளையின் தெம்பு இவளுக்குள் இறங்கியது. விரல் நுனியால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் அப்படித்தான். தன்னிடம் இல்லாத அதே ஆள்தான் பிள்ளையிடமும் இல்லை, இரண்டு பாதிக் கிணறு சேர்ந்தால் எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம்தான் ஓடும், இத்தனை வருஷம் வறண்டு கிடந்த தன் பக்கம்தான் பள்ளம் என்று அவளே நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த ஊரில் தாரணியைத் தொடக்கூடாத ஒரே கை அவளைப் பெற்றவள் கை என்று ஆகிப்போனது.

ஊர் அதற்கப்புறம் செய்த காரியத்தை ஊர்தான் செய்ய முடியும். தறி ஓடுகிற ஊரில் ஓடுகிற தறியை விட்டுவிட்டு யாரும் நகர மாட்டார்கள். மாற்று ஆள் வந்து கையை வைத்தபின்தான் முன்னவர் கையை எடுப்பார். அதே வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து பிள்ளைக்கு வைத்தார்கள். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று இரண்டு இருந்த ஊரில் தாரணி ஷிப்ட் என்று மூன்றாவது ஒன்று வந்தது. வேலை முடிந்து வருகிறவர்கள் முகம் கழுவிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போவார்கள், கூடத்தில் விளையாடும் பிள்ளை ஓடிவந்து கையை நீட்டும், பிடித்துக்கொள்வார்கள், வாங்கிக்கொண்டு மறுபடி ஓடும், வந்தவர்கள் பாயில் சாய்ந்து கிடப்பார்கள், துவளும்போது மறுபடி கொடுப்பார்கள், அடுத்தவர் வந்து கை வைத்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ராத்திரி தூங்குகிற பிள்ளையின் கால் விரலைப் பிடித்துக்கொண்டு மோகனசுந்தரம் கிடப்பான், அது அவன் பங்கு, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கையைப் பொறுத்தமட்டில் அந்த ஊர் சாதி பார்க்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம், ஆள் பத்தவில்லை. காலனியிலிருந்து வந்தவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த வீட்டுக்காரர்கள், அதே காலனிக்காரர் எழுந்த பாயின் சூடு ஆறுமுன்னே அதே பாயில் சாய்ந்தார்கள். முதலாளி முதலில் முணுமுணுத்தார், தாரணி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவன் தறியில் தூங்கி வழிகிறான், நூல் அறுந்தால்கூடத் தெரிவதில்லை என்றார், அப்புறம் ஊரே போகும்போது தான் மட்டும் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று காரில் போய் இறங்கிக் கை கொடுத்துவிட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தார். தங்கள் வீட்டை யாரும் கூப்பிடவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. குடித்துவிட்டு வந்து பிடித்தவன் ஒருத்தனின் கையை வாங்கின பிள்ளை சாயந்தரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தது, அவனை அப்புறம் குளிக்க வைத்துத்தான் அனுப்பினார்கள். இப்படியே பிள்ளை வளர்ந்தது, கன்னம் உப்பியது, பேச்சு வந்தது, ஊரில் எல்லார் கையும் அதற்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இது ருக்கு அத்தை, இது பிட்டர் மாமா என்று சொல்லும்.

கோகிலவாணி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்டே போகாமல் இருக்கப் பழகியிருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுப்பாள், சோறு பிசைந்து தட்டில் வைத்து அங்கிருப்பவர்களிடம் தள்ளிவிடுவாள், எண்ணெய்க் கிண்ணத்தை நிலைப்படியில் வைத்துவிட்டு, யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குத் தலை வாரிச் சடை போடுவதை அங்கிருந்தே பார்ப்பாள். நடு வகிடு கோணலாக எடுப்பாள் ஒருத்தி, இவளுக்குக் கை பரபரக்கும். தொடவே கூடாது என்று ஆனபின்தான் பிள்ளைக்குக் காதோரத்தில் ஒரு மச்சம் இருப்பதையும், தூங்கும்போது மேலுதட்டை மடித்துக்கொள்வதையும் கவனித்தாள். வயிறு எரிந்தது, யாரிடம் போய்ச் சொல்வது. ஊரே பாடுபட்டுக் காப்பாற்றுகிற பிள்ளையைப் பற்றி ஊரிடம் என்ன குறை சொல்ல முடியும்.

ஒருநாள் தாரணி அடுப்படி வாசலில் வந்து நின்று, "எல்லாரும் வாராங்க, நீ எப்பம்மா என் ஷிப்டுக்கு வருவே?" என்றது.

"எனக்கு இன்னும் வேலை போட்டுக் குடுக்கல சாமி," என்றாள் கோகிலவாணி, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு.

ஆயுத பூஜை வந்தது. தாரணி ஷிப்ட் ஏற்பட்டபின் வந்த முதல் ஆயுத பூஜை. நொச்சிப்பாளையத்தில் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாத் தறியும் நிற்கும். முதல் நாளே தறிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு, காலையில் வாழைக்கன்று கட்டி, நாடாவுக்கும் மோட்டாருக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். சந்தனம் வைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள், நமக்குச் சோறு போட்டதை ஒரு நாளாவது சும்மா விட வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒரு நட்டு கீழே விழுந்து கிடந்தால்கூட அன்றைக்கு அதைத் தாண்டித்தான் போவார்கள். அது கை தானாகச் செய்கிற காரியம், யோசனையெல்லாம் அதில் கிடையாது.

ராத்திரியெல்லாம் கால் விரலைப் பிடித்துக் கிடந்த மோகனசுந்தரம் விடிந்ததும் எழுந்து கொட்டகைப் பூஜைக்குப் போனான். ருக்குமணி வந்து கை வைத்தபின்தான் போனான், அதில் ஒரு தப்பும் இல்லை. ருக்குமணி பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள், பிள்ளையின் கையைப் பார்த்தாள். ஊரே வருஷம் முழுக்கப் பிடித்த கை. ஆசை பொங்கிவிட்டது அவளுக்கு. இரண்டு மணிக்கட்டிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தெ இரு தங்கம், அடுத்த ஆள் வாசலுக்கு வந்தாச்சு என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வாசலில் அடுத்த ஆள் நின்றதும் உண்மை.

வந்தவர் கூடத்துக்குள் நுழைந்து பிள்ளையைப் பார்த்தார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூவும் பாவாடையுமாக, சந்தனம் வைத்த கையை நீட்டியது. அவர் கை தானாகக் குவிந்தது. கும்பிட்டுவிட்டு, கையிலிருந்த பொரியில் ஒரு பிடியைப் பாயில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்தவள் வந்தாள், பாய்மேல் பொரியைப் பார்த்தாள், தானும் பொரி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அர்த்தநாரி வந்தார், அவரும் அதைத்தான் செய்தார், கூடவே ஒரு வாழைப்பழம் வைத்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பிள்ளை இன்றைக்குக் கோயில் மாதிரி இருக்கிறது என்று தெருவில் போகும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளை கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தது.

அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த கோகிலவாணிக்கு ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது, போகிற சத்தமும் கேட்டது, ஷிப்ட் நடக்கிறது என்று இருந்துவிட்டாள். என்னவோ ஒன்று சரியில்லை என்று மட்டும் காதுக்குப் பட்டது. தறி நின்ற நிசப்தம்தான், பூஜை நாளாயிற்றே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். அப்புறம் ஷிப்டில் இருக்கிறவருக்கென்று காப்பி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை. பொரிக்கு நடுவே பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தது. உதடு நீலம்.

வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டாள். தெருவே காலி, எல்லாரும் கோடியில் கொட்டகையில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார்கள், அங்கே கட்டின ரேடியோக் குழாய் ஊர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது, இவள் குரல் பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடக் கேட்கவில்லை. போய் ஆளைக் கூட்டி வரலாமென்றால் அவள் நடைக்கு அந்தத் தூரம் உட்கார்ந்து உட்கார்ந்து போகிற தூரம், திரும்பி வரும்போது பிள்ளை இருக்காது. தூக்கிக்கொண்டு போகலாமென்றால் தூக்குகிற கை அவளுடையது. அந்த நிலைப்படியில் அவள் நின்றது கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒரு தாயை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தின சாமி எதுவாக இருந்தாலும் அது நன்றாக இருக்காது.

தூக்கினாள். ஓடினாள்.

கால் தரையில் பாவவில்லை. ஆயுசில் ஓடியிராதவள் ஓடினாள், குழாயடி தாண்டி, டீக்கடை தாண்டி, எந்தெந்தத் திட்டில் எல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்குவாளோ அந்தத் திட்டையெல்லாம் தாண்டி ஓடினாள், முதுகு நிமிர்ந்திருந்தது, மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கி ஏறியது, ஐயோ இது யாருடைய தெம்பு என்று தெரிந்து தெரிந்தே ஓடினாள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் குறைவாக இறங்கும் என்று வேகத்தைக் கூட்டினாள், வேகம் கூடக் கூட அதிகமாக இறங்கியது. தோளில் கிடந்த தாரணி ஒரு தடவை கண்ணைத் திறந்து, கண்ணை மூடி, பிடித்திருந்த கையை அடையாளம் பார்த்தது.

"அம்மா," என்றது. "வேலை குடுத்துட்டாங்களா?"

கொட்டகை வாசலில் பூசணிக்காய்த் துண்டுகளை மிதித்துக்கொண்டு அவள் வந்து நின்றபோது ரேடியோவை நிறுத்தினார்கள். பிள்ளையைத் துணிச் சிப்பத்தின் மேல் வாங்கிக் கிடத்தினார்கள், ஊர்க்கை அத்தனையும் அதன் மேல் விழுந்தது, கையில், காலில், வயிற்றில், இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர்கள் தோளைப் பிடித்தார்கள், அவர்கள் தோளைப் பின்னால் நின்றவர்கள் பிடித்தார்கள், வரிசை கொட்டகை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கிற தூக்கமென்று தறியோரம் படுத்துவிட்ட மோகனசுந்தரத்தை எழுப்ப யாருக்கும் மனசு வராமல் விட்டிருந்தார்கள். அவன் இப்போது எழுந்து வந்து காலின் கட்டை விரலைப் பிடித்தான். அத்தனை பேர் கையும் நிறைந்திருந்தது. வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் மூச்சு இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றார்கள், முதலில் யார் கையை எடுப்பது என்று தெரியாமல்.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாமி வந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறது, அதுவும் பூஜை நாளாகப் பார்த்து என்று பேச ஆரம்பித்தார்கள், பேசப் பேச அது உண்மை மாதிரியே ஆனது. முதலாளி தாரணியின் போட்டோவைப் பெரிதாக்கிக் கொட்டகையில் மாட்டி மாலை போட்டார். தறியை ஓட்டுகிறதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓட்டினார்கள்.

கோகிலவாணிக்கு மட்டும் அன்றிலிருந்து அசதி வரவில்லை. சேர்த்து வைக்க முடியாத சரக்கு என்று டாக்டரம்மா சொன்னாரே, இந்த ஒன்றில் அவர் சொன்னது பலிக்கவில்லை. அந்த ஓட்டத்தில் இறங்கினது அப்படியே நின்றுவிட்டது. ஒரு பருக்கை சோறு இறங்கவில்லை, ஆனாலும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. படுத்தால் தூக்கம் இல்லை, அழுதால்கூடக் களைப்பு இல்லை. கொட்டகையில் தறி கேட்டு வாங்கிக்கொண்டாள், பகல் ஷிப்டும் பார்த்து ராத்திரி ஷிப்டும் பார்த்தாள், கை ஓயவில்லை. செலவு செய்து தீர்த்துவிடலாம் என்று ஊர்க்குடமெல்லாம் தூக்கினாள், மலையேறி இறங்கினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அப்பாடா என்று உட்கார வேண்டும்போல இருந்தால் போதும் என்று மோகனசுந்தரத்திடம் சொன்னாள். அவன் அவள் காலடியில் படுத்துக்கொண்டான், வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ருக்குமணி அவள் கண்ணில் படாமலே நடமாடினாள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கொட்டகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவளின் எதிரே கோகிலவாணி வந்து குந்தி, கையைப் பிடித்தாள். ருக்குமணியின் கால் வலி விட்டது. முதுகு நிமிர்ந்தது. ஊரில் எல்லார் கையும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த மாதிரி, அந்தப் பிள்ளையின் கையும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சட்டென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இது அவளோடது," என்றாள். "வேண்டாம் அம்மிணி. நான் எப்படி இதை வாங்குவேன்."

"எடுத்துக்கங்கக்கா. எங் கையில நிக்குது, போக மாட்டேங்குது. யாராச்சும் வாங்கிட்டாத்தான் எனக்கு அசதி வரும்."

ருக்குமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நின்றாள். அன்றைக்குப் பிள்ளைக்குச் சந்தனம் பூசின அந்த இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்துக் கும்பிட்டாள், அப்புறம் திரும்பிப் பார்க்காமல் தெருவோடு போய்விட்டாள்.

இப்போதும் ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் கோகிலவாணி கொட்டகை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வேலை முடிந்து துவண்டு வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்க்கிறார்கள், ஒரு கணம் நிற்கிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.